சனிக்கிழமை குவார்ட்டர்பேக் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேறுவானா?

அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அணிகள் பெரும்பாலும் சனிக்கிழமை ஆடும், தொழில்முறை லீகான என்எஃப்எல் ஞாயிற்றுக்கிழமை. அணிக்காகப் பந்து எறியும் ஒரு கல்லூரி குவார்ட்டர்பேக் ஒரே சீசனில் 400 பாஸ் எறிந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 3,400 யார்டு, 28 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்டவை). கல்லூரி ஆட்டக்காரர்களை என்எஃப்எல் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும்போது எல்லார் வாயிலும் இந்த வரிதான் இருக்கும். ஆனால் அந்த 400-இல், என்எஃப்எல் அவனிடம் கேட்கப்போகும் வேலையை ஒத்த பாஸ் எத்தனை? பொறுமையாக ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் பல பேருக்கு 100 கூட மிஞ்சாது. அந்த நூற்றை வைத்துத்தான் ஆளை எடைபோட வேண்டும். மீதி முன்னூறும் அவனுடைய கோச்சைப் பற்றியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களைப் பற்றியும் நிறையச் சொல்லும், அவனைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும்.

எதையெல்லாம் கழிப்பது? முதலில் ஸ்கிரீன் பாஸ். ஆட்டம் தொடங்கும் ஸ்கிரிமேஜ் கோட்டுக்குப் பின்னால் பிடித்துவிட்டு ரிசீவர் 40 யார்டு ஓடினால், அந்த 40-உம் குவார்ட்டர்பேக் கணக்கில்தான் ஏறும். அடுத்து ஆர்பிஓ, அதாவது ரன்-பாஸ் ஆப்ஷன். எதிரணியின் இரண்டாம் வரிசையில் நிற்கும் ஒரே ஒரு லைன்பேக்கரைப் பார்த்து, அவர் முன்னேறினால் பாஸ், பின்வாங்கினால் ஓட்டம் என்று முடிவு செய்யும் ஆட்டம் அது. கல்லூரி விதிப்படி பந்து கையை விட்டுப் போகும்வரை குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான ஓ-லைன்காரர்கள் 3 யார்டு முன்னேறலாம். என்எஃப்எல்லில் 1 யார்டுதான். அந்த 2 யார்டு சின்ன விஷயம் இல்லை. ஓ-லைன் முழு வேகத்தில் ஓட்டத்துக்கு மோதுவதைப் பார்த்து லைன்பேக்கர் ஏமாறுவதே அந்த இடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஏமாற்று பாதியாகிவிடும். மூன்றாவதாக, எதிரணி குழம்பிப்போய் ரிசீவரைச் சுற்றி 5 யார்டுக்கு ஆளே இல்லாத பாஸ்கள். கடைசியாக, 28 பாயின்ட் முன்னிலையில் எறிந்தவை.

மிஞ்சுவது இவைதான்: 10 முதல் 25 யார்டு ஆழத்தில் ஆள் ஒட்டியிருக்கும் ரிசீவருக்கு எறிந்தது, மூன்றாம் டவுனில் (10 யார்டு கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்டபோது எறிந்தது, முகத்துக்கு நேரே ஆள் வரும்போது எறிந்தது, முதல் ரிசீவர் அடைபட்ட பிறகு எறிந்தது.

ஒரே ஒரு ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மூன்றாம் டவுன், 8 யார்டு வேண்டும். ஷாட்கன், அதாவது குவார்ட்டர்பேக் சில யார்டு பின்னால் நிற்கிறான். எதிரணியின் கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளும் 12 யார்டு ஆழத்தில் சமமாக நிற்கிறார்கள். பார்த்தவுடன் கவர் 2 (ஆழத்தை இரண்டு சேஃப்டிகளும் பாதிபாதியாகக் காப்பது) என்று தோன்றும். உள்பக்க ரிசீவர் நேராக ஓடி நடுவை நோக்கி வெட்டும் டிக் ரூட், அதற்குச் சரியான பதில். பந்து குவார்ட்டர்பேக் கைக்கு வந்ததும், அதாவது ஸ்னாப் ஆனதும், ஒரு சேஃப்டி பின்னோக்கி நடு ஆழத்துக்கு ஓடுகிறார். இன்னொருவர் கீழே இறங்கி, அந்த டிக் வந்து சேரப்போகும் இடத்தில் காத்திருக்கிறார். ராபர் என்பார்கள். ஸ்னாப்புக்கு முன்பே மனதில் முடிவெடுத்தவன் மூன்றாவது ஸ்டெப் ஊன்றியதும் எறிந்துவிடுவான், பந்து நேராக ராபரின் மார்புக்குப் போகும். தேறக்கூடியவனின் கண் முதல் இரண்டு ஸ்டெப்பிலும் சேஃப்டிகள் மேல் இருக்கும். சுழற்சி தெரிந்தவுடன் டிக்கைக் கைவிட்டு, வெளிப்பக்கக் காவலரான கார்னரோடு ஒண்டிக்கு ஒண்டியாக ஓடும் ரிசீவரிடம் திரும்புவான். திரும்பும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றால், முன்காலை. தலை திரும்பி, தோள் திரும்பி, முன்கால் மட்டும் பழைய திசையிலேயே நின்றால், பந்து ரிசீவருக்குப் பின்னாலோ தாழ்வாகவோதான் போகும். கண், தோள், கால் மூன்றும் சேர்ந்து திரும்பி, ஒரு சின்ன ஹிட்ச் ஸ்டெப்போடு 2.7 நொடிக்குள் பந்து கிளம்பினால், அந்த பாஸ் பிடிபடாவிட்டாலும் அவனுக்கு முழு மதிப்பெண்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிவி கேமரா சேஃப்டிகளைப் பெரும்பாலும் வெட்டிவிடும். ஸ்னாப்புக்கு முந்தைய அகலக் காட்சியில் அவர்கள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, எண்ட் ஸோன் பக்கமிருந்து வரும் ரீப்ளேயில் எங்கே போனார்கள் என்று பாருங்கள். களம் முழுதும் தெரியும் ஆல்-22 வீடியோ கிடைத்தால் இந்தப் பாடு இல்லை.

ஸ்னாப்புக்கு முன் யார் வேலை செய்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். நிறைய கல்லூரி அணிகளில் பதினொரு பேரும் வரிசையில் நின்று, பிறகு கோச் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். எதிரணி நிற்கும் விதத்தைக் கோச் படித்துவிட்டு ஆட்டத்தை மாற்றிக் கொடுப்பார். என்எஃப்எல்லில் கோச் பேசும் ஹெல்மெட் ரேடியோ, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கக் கெடு வைக்கும் பிளே கிளாக்கில் 15 நொடி இருக்கும்போது அணைந்துவிடும். அதன் பிறகு நடு லைன்பேக்கரான மைக் யார் என்று காட்டுவது, கூடுதல் ஆட்கள் பாய்ந்து வரும் பிளிட்ஸ் எந்தப் பக்கம் வரும் என்று கணித்துப் பாதுகாப்பைத் திருப்புவது எல்லாம் களத்தில் இருப்பவர்களின் பொறுப்பு. கல்லூரியிலும் மேல்மட்ட அணிகளுக்கு 2024-இல் ரேடியோ வந்துவிட்டது, அதே 15 நொடி வரம்போடு. ஆகவே அந்தச் சீசனிலிருந்து பார்க்கும்போது, ரேடியோ அணைந்த பிறகு அவன் கை எதையாவது சுட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் பந்தைக் கொடுக்கும் சென்டரே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பாடத்தை அவன் இனிமேல்தான் படிக்க வேண்டும்.

இப்போது சாக், அதாவது எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது. இதைத்தான் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கிறார்கள். கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டு பாஸ் கணக்கில் சேராது, ஓட்டக் கணக்கில் கழியும். ஒரு ஆட்டத்தில் 12 ஓட்டம், 18 யார்டு என்று போட்டிருந்தால் இவனுக்கு ஓடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அதில் 4 சாக், 31 யார்டு இழப்பு ஒளிந்திருந்தால், உண்மையில் அவன் 8 முறை ஓடி 49 யார்டு எடுத்திருக்கிறான்.

பாஸ் பக்கமும் இதே மறைப்பு நடக்கிறது. மேலே சொன்ன 400 பாஸ், 3,400 யார்டு, 28 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன் இரண்டு பேருக்கும் ஒன்று என்று கொள்வோம். இருவருக்கும் ஒரு பாஸுக்கு 8.5 யார்டு. ஒருவன் 12 சாக்கில் 80 யார்டு இழந்தான், இன்னொருவன் 30 சாக்கில் 200 யார்டு. டச்டவுனுக்கு 20 யார்டு கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 யார்டு கழித்து, சாக் இழப்பையும் கழித்து, பாஸும் சாக்கும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுத்தால், முதல்வனுக்கு 8.5, இரண்டாமவனுக்கு 7.9 வரும்.

அதைவிட முக்கியம், அழுத்தம் வந்ததில் எத்தனை சாக்காக முடிந்தது என்பது. 150 முறை அழுத்தம் வந்து 24 சாக் என்றால் 16 சதவீதம். 38 சாக் என்றால் 25 சதவீதம். சாக் என்றால் ஓ-லைன் குற்றம் என்று கைகாட்டிவிடுவது சுலபம். அழுத்தம் வருவதற்கு ஓ-லைன் காரணமாக இருக்கலாம். வந்த அழுத்தம் சாக்காக மாறுவது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் பழக்கம், அந்தப் பழக்கம் அணி மாறினாலும் கூடவே போகும். என் கணக்கில் 20-ஐத் தாண்டினால் ஆட்ட வீடியோவான டேப்பை இரண்டாம் முறை பார்க்க வேண்டும். 25-ஐத் தாண்டினால், அவன் கால் வேகத்தில் தப்பித்த ஆட்டங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் மயங்கக் கூடாது. கல்லூரியில் அவன் தாண்டி ஓடிய டிஃபென்சிவ் எண்ட், ஞாயிற்றுக்கிழமை அவனைப் பின்னாலிருந்தே பிடித்துவிடுவார். அழுத்தம் வரும்போது கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண் களத்தை விட்டுக் கீழே இறங்கி, வருகிற ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அந்த ஆட்டம் அங்கேயே முடிந்தது.

கைவலுவை அளக்க 60 யார்டு எறிதல் தேவையில்லை, ஆட்டம் எந்த இடத்துக்குள் தொடங்க வேண்டும் என்று காட்டும் ஹாஷ் கோடுகளைப் பாருங்கள். கல்லூரியில் இரண்டு ஹாஷுக்கும் இடையே 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து கல்லூரி இடது ஹாஷில் இருந்தால் வலது எல்லைக்கோடு 100 அடி தள்ளி. 15 யார்டில் எல்லைக்கோட்டை நோக்கி வெட்டும் அவுட் ரூட்டை அந்த அகலப் பக்கம் எறிந்தால், குவார்ட்டர்பேக் 7 யார்டு பின்னால் நிற்பதையும் சேர்த்து, பந்து காற்றில் சுமார் 38 யார்டு போகிறது. அது வளைந்து மேலே ஏறி மிதக்கிறதா, தாழ்வாகச் சீறிப் போகிறதா என்பதிலேயே கைவலு தெரிந்துவிடும். மறுபக்கம், அந்த அகலப் பக்கத்தில் ரிசீவர்களுக்கு இடம் தாராளம், டிஃபென்ஸ் இழுபட்டு நிற்கும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருப்பதால் அந்தத் தாராளம் கிடையாது, சேஃப்டிகள் எந்தப் பக்கமும் வேஷம் போடலாம்.

துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை சதவீதம் பிடிபட்டது என்பதும் துல்லியமும் ஒன்றல்ல. ரிசீவர் ஓட்டத்தைக் குறைக்காமல் பிடித்தாரா, சேஃப்டி வரும் பக்கத்துக்கு எதிர்த் தோளில் பந்து வந்ததா என்று ஒவ்வொரு பாஸுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சதவீதம் மிகவும் குறைவாக இருந்தால் அதைப் பூசி மெழுகவும் கூடாது. வயோமிங்கில் 56 சதவீதம் எறிந்த ஜாஷ் ஆலன், பஃபலோவில் 2018-இல் 52.8, 2019-இல் 58.8, 2020-இல் 69.2 என்று ஏறினார். அந்த ஏற்றத்துக்காக அவர் தன் எறியும் முறையையே பிரித்துக் கட்டினார். அது அபூர்வம். அதற்குப் பிறகு கைவலு உள்ள ஒவ்வொரு பையனையும் அடுத்த ஆலன் என்று சொல்லி எடுக்கிறார்கள். புளோரிடாவில் 13 ஆட்டம் தொடங்கி, 2022-இல் 53.8 சதவீதம் எறிந்த ஆந்தனி ரிச்சர்ட்சனை 2023-இல் நான்காவதாக எடுத்த கோல்ட்ஸ், 2024-இல் 47.7 சதவீதத்தைப் பார்த்தது. அந்தச் சீசனின் நடுவிலேயே அவரை உட்கார வைத்தது.

தொடக்க ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு இங்கேதான் வேலை. பழைய என்எஃப்எல் கோச் பில் பார்செல்ஸ் மூன்று வருடம் தொடக்கக்காரனாக இருந்தவனைத்தான் கேட்பார். அதில் நியாயம் இருக்கிறது: ஆட்டம் குறைவாக இருந்தால் நமக்கு வேண்டிய அந்த நூறு பாஸே சேராது. மிட்செல் டிரூபிஸ்கி 13 ஆட்டம் தொடங்கியிருந்தார், 2017-இல் இரண்டாவதாகப் போனார். டிரே லான்ஸ் கல்லூரியில் மொத்தமே 318 பாஸ்தான் எறிந்திருந்தார். 2021-இல் ஃபார்ட்டி நைனர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. அதே அணிக்குக் கைகொடுத்தது, ஐயோவா ஸ்டேட்டில் நான்கு சீசன் ஆடிவிட்டு 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-ஆவதாக வந்த பிராக் பர்டி. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அணி மாறுவது சுலபமாகிவிட்ட பிறகு ஆட்டங்கள் குவிகின்றன. போ நிக்ஸ் ஆபர்னிலும் ஓரிகனிலுமாக 61 ஆட்டம் தொடங்கி, 24 வயதில் டிராஃப்டுக்கு வந்தார். 24 வயதுக்காரன் 19 வயது கார்னரை ஏமாற்றுவதை, 21 வயதுக்காரன் ஏமாற்றுவதோடு ஒன்றாக வைக்கக் கூடாது.

உயரம், உள்ளங்கை அளவு எல்லாம் பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் நடக்கும் தேர்வு முகாமில் அளப்பார்கள், இரண்டு வாரம் பேசுவார்கள். குவார்ட்டர்பேக் ஜோ பரோவின் கை 9 அங்குலம், ஒன்றும் ஆகவில்லை. உயரம் 6 அடிக்குக் கீழே இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: நடுப்பக்க பாஸ்களை எறிகிறானா, அல்லது பக்கவாட்டில் ஓடி வெளியேறித்தான் எறிகிறானா.

கல்லூரியிலேயே என்எஃப்எல் ஆட்களுக்கு எறிந்து காட்டும் புரோ டே பற்றி இன்னும் குறைவாகச் சொன்னால் போதும். எதிரே டிஃபென்ஸ் கிடையாது, ரூட் எல்லாம் முன்பே எழுதி வைத்தது. ஸாக் வில்சன் 2021-இல் இடப்பக்கம் ஓடியபடியே உடம்பைக் குறுக்கே திருப்பி வலப்பக்கம் ஆழமாக எறிந்த பந்தை நாடே பார்த்து வியந்தது. ஜெட்ஸ் இரண்டாவதாக எடுத்தது. அங்கே அவரைத் தடுமாற வைத்ததெல்லாம் ஓ-லைன் அமைத்துத் தரும் பாக்கெட்டுக்குள் நின்று எறிய வேண்டிய சாதாரண பாஸ்கள்.

அவன் போய்ச் சேரும் இடத்தை மட்டும் டேப்பில் பார்க்க முடியாது. ஜாரெட் காஃப் 2016-இல் ராம்ஸுக்காகத் தொடங்கிய 7 ஆட்டத்திலும் தோற்றார்; கோச்சாக ஷான் மெக்வே வந்த அடுத்த வருடமே பிளேஆஃப் போனார். 2018-இல் ஜெட்ஸ் மூன்றாவதாக எடுத்த சாம் டார்னால்ட் பல அணி மாறி, 2024-இல் மினசோட்டாவில்தான் 14 வெற்றி பார்த்தார். அதனால் பையனை மதிப்பிடும்போதே, எந்த மாதிரி அமைப்பில் ஆடினால் அவனுக்கு உயிர் வரும் என்பதையும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஓடுவதுபோல் பாசாங்கு செய்து எறியும் பிளே ஆக்‌ஷனில் மட்டும் நன்றாக எறிபவன், ஓட்டம் வராத அணிக்குப் போனால் முதல் வருடமே பெயர் கெட்டுவிடும். முதல் சுற்று ஆளுக்கு நான்கு வருட ஒப்பந்தம், ஐந்தாம் வருடம் அணியின் விருப்பம். அந்த முடிவை மூன்று சீசன் முடிந்ததும் எடுத்தாக வேண்டும் என்பதால், யாரும் நிறைய நாள் காத்திருக்க மாட்டார்கள்.

நேரம் குறைவு, மூன்று ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால்: அந்தச் சீசனில் அவன் எதிர்கொண்ட மிகச் சிறந்த டிஃபென்ஸோடு ஆடியது ஒன்று. அவனுடைய மிக மோசமான தோல்வி ஒன்று. முந்தைய வருடமும் இந்த வருடமும் ஒரே எதிரணியோடு ஆடியிருந்தால், அந்த இரண்டாவது சந்திப்பு ஒன்று, ஏனென்றால் எதிரணிக் கோச் அவனைப் படித்துவிட்டு வந்திருப்பார். மூன்றிலும் மூன்றாம் டவுன் பாஸ்களை முதலில் பாருங்கள். ஹைலைட்ஸ் கடைசியில் இருக்கட்டும்.