பிரதி இல்லாமல் தொடங்கி 28 நிமிட நாடகம்: பன்னிரண்டு பேர், பன்னிரண்டு குடம்

கல்லூரி மாணவர்கள் 12 பேர். கையில் எழுதிய நாடகப் பிரதி கிடையாது. கரு மட்டும் முடிவாகியிருந்தது: சென்னையின் 2019 தண்ணீர்ப் பஞ்சம். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள், கடைசி இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். கூட்டினால் 55 மணி. கடைசியில் மிஞ்சியது 28 நிமிட நாடகம், அதாவது மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேர உழைப்பு. குறைத்துத் திட்டமிட்டால் கடைசி வாரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் வாரம் முழுக்கச் சேகரிப்பு. ஆளுக்கு மூன்று: ஒரு பொருள், ஒரு படம் அல்லது செய்தி நறுக்கு, காதால் கேட்ட ஒரு வாக்கியம். வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதி வர வேண்டும், திருத்தக் கூடாது. "எத்தினி குடம்னு எண்ணிட்டே தூங்கிடுவேன்" என்று ஒரு அம்மா சொன்னதை "நான் குடங்களை எண்ணியபடி உறங்குவேன்" என்று மாற்றிக் கொண்டுவந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 2019இல் இவர்கள் ஏழாவதோ எட்டாவதோ படித்தவர்கள். வரிசையில் நின்ற நினைவு எல்லோருக்கும் உண்டு. புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டதைச் செய்தியாகத்தான் தெரியும். 36 துண்டுகளையும் தரையில் பரப்பியபோது எல்லோரும் போய் நின்ற இடம் ஒன்றே: லாரி வருவதற்கு முந்தைய மணி நேரம். நாடகத்தின் முதுகெலும்பு அப்போதே கிடைத்துவிட்டது.

அடுத்த இரண்டு வாரம் வசனம் தடை. மாணவர்களைப் பேசவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் டிவி காமெடி நிகழ்ச்சி வந்துவிடும். பேச்சை எடுத்துவிட்டால் உடம்பு வேலை செய்யத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் முதல் 15 நிமிடம் எண்ணும் பயிற்சி: வட்டமாக நின்று, கண்ணை மூடி, யாரும் சைகை காட்டாமல், ஒருவர் ஒரு எண்ணாக 1 முதல் 20 வரை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து. முதல் நாள் 7ஐத் தாண்டவில்லை. அவசரக்காரர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும், கவிழ்ந்துவிடும்.

பிறகு சிலைகள். உடம்பையே அசையாத சிலையாக்கி நிற்பது; பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் படிம அரங்கு என்று வகுத்த முறைதான். நான்கு பேராகப் பிரிந்து, ஐந்து நிமிடத்தில் மூன்று சிலை: லாரி வரவில்லை, வந்தது, போய்விட்டது. ஒரு சிலையிலிருந்து அடுத்ததற்கு எட்டு எண்ணிக்கையில் நகர வேண்டும். இங்கே வழக்கமாக வரும் கோளாறு, எல்லோரும் பள்ளிக்கூட குரூப் போட்டோ போல முன்பக்கம் பார்த்து வரிசை கட்டி நிற்பது. 'அப்படி நிற்காதே' என்று எத்தனை தடவை சொன்னாலும் பலிக்காது. பார்ப்பவர்களை மூன்று பக்கமும் உட்கார வையுங்கள், தானாகச் சரியாகும்.

நான்காவது வாரம் பேச்சு திரும்பியது. ஏழு நிமிட உடனடி நடிப்பு (எழுதி வைக்காமல் அந்த நேரத்தில் தோன்றுவதை நடிப்பது), ஒரு நாளைக்கு நான்கு. எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுப்பது வீண். மூன்று மணி நேர வீடியோவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நோட்டுப் புத்தகம்தான் உதவியது. நடித்து முடித்த பத்து நிமிடத்துக்குள் எழுதியாக வேண்டும்: எண், ஒரு சின்னப் பெயர் ('டோக்கன்', 'அக்கா ஒரு குடம்'), யார் யார், எந்தச் செயலில் முடிந்தது, வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு வரி.

பலரும் மனம் உடைவது இந்தக் கட்டத்தில்தான். திங்கட்கிழமை அள்ளிக்கொண்டு போன காட்சி வியாழக்கிழமை செத்துக் கிடக்கும். முதல் தடவை எதிராளி என்ன செய்வார் என்று தெரியாது, அதனால் கவனித்தார்கள். இரண்டாவது தடவை, சிரிப்பு வந்த இடத்தை நோக்கி ஓடுகிறார்கள். பழைய வசனத்தைத் திரும்பச் சொல்ல விடாமல் நான்கு விஷயம் மட்டும் சொல்லி அனுப்பினால் மூன்றாவது தடவைக்குள் உயிர் திரும்பும்: யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், எந்த இடத்தில் நிலைமை மாறுகிறது, எந்தச் செயலில் முடிகிறது.

ஐந்தாம் வாரக் கடைசியில் 31 காட்சித் துண்டுகள் இருந்தன. தேவை ஒன்பது. ஓட்டெடுப்பு வைத்துப் பார்த்தோம். சிரிப்புக் காட்சிகள் மட்டும் ஜெயித்தன. பிறகு விதியைத் திருப்பினோம்: ஒவ்வொருவரும் தான் இருக்கும் துண்டை மட்டுமே நீக்கலாம், அடுத்தவருடையதைத் தொடக் கூடாது. அரை மணியில் 14ஆகக் குறைந்தது. மீதி ஐந்து தாமாகவே உதிர்ந்தன. லாரிக்காகக் காத்திருக்கும் நேர வரிசையில் அவற்றுக்கு இடம் இல்லை.

காட்சிகளை இணைக்கக் கூத்திலிருந்து கட்டியங்காரனை, அதாவது கதையை அறிவித்து நடத்திச் செல்லும் பாத்திரத்தை, கொண்டுவந்தோம். நல்ல யோசனைதான், ஆனால் அவன் ஒவ்வொரு காட்சிக்கும் பொழிப்புரை சொல்ல ஆரம்பித்துவிட்டான். கடைசியில் அவன் வாயில் மிச்சம் டோக்கன் எண்கள் மட்டும். "நாப்பத்தி மூணு… நாப்பத்தி நாலு…" அதுவே போதுமானதாக இருந்தது.

மேடைப் பொருளும் தாளக் கருவியுமான குடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் குடத்தின் வாயை உள்ளங்கையால் தட்டினால் அடித்தொனி, பக்கவாட்டில் நகத்தால் தட்டினால் தூறல் சத்தம். எவர்சில்வர் வேண்டாம், வசனத்தை விழுங்கிவிடும். மெல்லிய மலிவுக் குடத்தைக் கவிழ்த்து உட்கார்ந்தால் கழுத்தில் விரிசல் விடும், இரண்டு போயின. வெளிர் மஞ்சள் குடத்துக்குள் டார்ச் வைத்தால் விளக்குபோல் ஒளிரும், கரும்பச்சையில் ஒன்றும் தெரியாது. மேடையில் நிஜத் தண்ணீர் கூடவே கூடாது. சிமெண்டுத் தரையில் நாலு சொட்டு போதும், வெறுங்காலோடு ஓடுபவர் வழுக்கி விழ.

ரயில் காட்சிக்குத்தான் அதிக நேரம் போனது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் சென்னை வில்லிவாக்கம் வந்தது: 50 வேகன், 25 லட்சம் லிட்டர். முதலில் ஒருவர் நின்று இதை இரண்டு நிமிடம் விளக்கினார். செய்தி வாசிப்பு மாதிரி இருந்தது. விளக்கத்தை வெட்டிவிட்டு, 12 பேரும் வரிசையாக உட்கார்ந்து ஒரு வேகனுக்கு ஒரு தட்டு, நொடிக்கு ஒன்று, மொத்தம் 50. நடுவில் ஒரே வரி: "ஒரு வேகனுக்கு மூவாயிரத்து முந்நூறு குடம்." (15 லிட்டர் குடத்துக்குக் கணக்கு.) இருபதாவது தட்டில் பார்வையாளர்களும் எண்ணத் தொடங்குகிறார்கள். சிக்கல் வேகம்தான், கூட்டமாகத் தட்டினால் தாளம் ஓடும். 50 நொடி 38 ஆனது. பின்னால் ஒருவர் தட்டாமல் குதிகாலால் மட்டும் தாளம் பிடித்தபின் 49க்கு வந்தது.

எழுத்துப் பிரதி ஆறாவது வாரம்தான், நோட்டுப் புத்தகத்திலிருந்து, இரண்டு பேர் சேர்ந்து. ஒருவர் மட்டும் எழுதினால் லாரி டிரைவரும் பாட்டியும் ஒரே மாதிரி பேசுவார்கள். மேடையேற்றத்துக்குப் பத்து நாள் முன்னால் பிரதியைப் பூட்டினோம். அதன்பின் வெட்டலாம், சேர்க்கக் கூடாது.

அதே வாரம் வெளியாட்கள் பத்துப் பேர் முன்னால் முழு ஓட்டம். முன்னுரை கிடையாது. பார்த்த பிறகு மூன்றே கேள்வி: எது நினைவில் நிற்கிறது, எங்கே சலித்தது, எங்கே புரியவில்லை. அவர்கள் பேசும்போது குழு பதில் சொல்லக் கூடாது, எழுதிக்கொள்ள மட்டும். வாய்ப் பதிலைவிட நம்பகமானது உடம்பு: 11ஆவது நிமிடத்தில் மூன்று பேர் போனை எடுத்தார்கள். அந்த இடத்தில் இருந்த ஊழல் காட்சி மறுநாள் போய்விட்டது.

இப்போது பாக்கி இரண்டு வேலை. அரங்கின் மின்விசிறிச் சத்தத்தில் நகத் தூறல் கேட்கவில்லை, அதனால் அந்த மூன்று நிமிடத்துக்கு விசிறியை நிறுத்த ஒரு ஆள் வேண்டும். கடைசிக் காட்சியில் கோஷம் இருந்தது, வெட்டியாகிவிட்டது. லாரி போன பிறகு நிரம்பாத ஒரு குடம் மட்டும் நடுவில் நிற்கிறது. அதை யார் எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.