மாமியின் சில், என் செபமாலை

13 மார்ச் 2025, வியாழன். மெதின் போயா

விடிய ஐந்தரைக்கே மாமி வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு விகாரைக்குப் போய்விட்டார். போயா பௌத்தர்களின் முழுநிலவு நாள். அன்றைக்கு அவருக்கு அட்டசில். எட்டு விதிகளையும் பொழுது சாயும்வரை காக்க வேண்டும், நடுப்பகலுக்குப் பிறகு சாப்பாடு இல்லை. எனக்கோ தவக்காலம் தொடங்கி இன்று ஒன்பதாம் நாள். இந்த நாற்பது நாளும் பால் தேத்தண்ணி வேண்டாம் என்று சாம்பல் புதனன்று முடிவெடுத்திருந்தேன்.

பின்னேரம் வந்தவருக்கு வெறுந்தேத்தண்ணி ஊற்றி, கருப்பட்டித் துண்டு ஒன்று வைத்துக் கொடுத்தேன். எனக்கும் அதையே ஊற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கலியாணமாகி இந்த வத்தளை வீட்டுக்கு வந்து பதினான்கு வருடம். அவருடைய விரதமும் என்னுடையதும் ஒரே கோப்பைத் தேத்தண்ணியில் வந்து நின்றதை இன்றுதான் கவனித்தேன்.

மாமி கேட்டார்: "துவ, நீ இந்தப் பசியை யாருக்குக் குடுக்கிறாய்?"

"இயேசுவுக்கு" என்றேன்.

"நான் ஒருத்தருக்கும் குடுக்கிறதில்லை. பசி வருகுது, கொஞ்ச நேரம் நிக்குது, போகுது. அதைப் பாத்துக்கொண்டு இருக்கிறன், அவ்வளவுதான்."

அவர் பேசுவது சிங்களம், "துவ" என்றால் மகள். எழுதும்போது எனக்குத் தமிழில் வருகிறது.

12 ஏப்ரல், சனி. பக் போயா

முழங்கால் வலி. அதனால் மாமி பன்சில், அந்த ஐந்து விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு காலையிலேயே திரும்பிவிட்டார். நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. பின்வளவுத் தென்னையிலிருந்து இவர், என் கணவர், வெட்டித் தந்த குருத்தைச் சாக்கில் விரித்து, ஈர்க்கை உரித்துச் சிலுவை முடைந்துகொண்டிருந்தேன்.

மாமி வந்து பக்கத்தில் கதிரை போட்டார். ஓர் ஓலையை எடுத்து நகத்தால் மெல்லக் கிழித்து, மடித்து, முறுக்கி, ஒரு நுனியை உள்ளே விட்டு இழுத்தார். பூ ஒன்று விரிந்தது. பிக்குகள் பிரித் என்ற காப்பு ஓதல் ஓதும் மண்டபத்துக்குக் கட்டும் வேலைப்பாடு. சின்ன வயதில் மாமியின் தகப்பன் பழக்கியதாம். இளமஞ்சள் ஓலை, வெட்டிய இடத்தில் பால் வாசம். என் சிலுவையின் நடுவில் அந்தப் பூவைச் செருகித் தந்தார்.

"இதைக் கோயில்ல ஒண்டும் சொல்லமாட்டினமே?"

"ஓலைதானே அம்மா" என்றேன்.

அடுத்த வருடம் இது காய்ந்து, எரிந்து, சாம்பலாகி எங்கள் நெற்றிக்கு வரும் என்று சொன்னேன். கனநேரம் அந்த ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அனிச்ச" என்று மட்டும் சொன்னார். நிலையாமை. சாம்பல் புதனில் குருவானவர் "மண்ணாயிருக்கிறாய்" என்று சொல்லும்போது எனக்கு வரும் நடுக்கத்தை அவர் அந்த ஒரு சொல்லில் சொல்லிவிட்டார்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

இன்று கண்டியில் தலதா தரிசனம் தொடங்கியது. 2009க்குப் பிறகு இப்போதுதான் புத்தரின் பல்லான புனித தந்ததாதுவை இப்படிப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள். மாமிக்குப் போக உயிர். ஆனால் அந்த முழங்காலோடு அந்த வரிசையில் நிற்க ஏலாது. காலையிலிருந்து டிவி முன்னால் கைகூப்பியபடியே இருந்தார்.

நான் கோயிலுக்கு வெளிக்கிடும்போது "நானும் வாறன்" என்றார்.

பாடுகளின் வரலாறு வாசித்து முடிந்து சிலுவையை முத்தி செய்ய எல்லோரும் வரிசையில் நகர்ந்தோம். மாமி வாங்கிலேயே இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. பக்கப் பீடத்தில், வியாகுல மாதா சொரூபத்துக்கு முன்னால் நிற்கிறார். மடியில் மகனுடைய உடல். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போனதும் பிடிபட்டது, மெத்த சூத்திரம். மெத்த என்றால் பாளியில் அன்பு.

மாதா யதா நியங் புத்தங், ஆயுஸா ஏகபுத்தமனுரக்கே.

தாய் தன் ஒரே மகனைத் தன் உயிரைக் கொடுத்தும் காப்பது போல, எல்லா உயிர் மேலும் அளவில்லாத அன்பை வளர்க்க வேண்டும் என்று போகும் அந்த வரி. வீட்டில் நூறு தரம் கேட்டிருக்கிறேன். காக்க முடியாமல் போன ஒரு தாய்க்கு முன்னால் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

21 ஏப்ரல், திங்கள்

ஆறு வருடம். 2019இல் இதே நாள், உயிர்த்த ஞாயிறு காலை, கோயில்களில் குண்டு வெடித்தது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு. கொச்சிக்கடையில் என்னோடு படித்த ஒருத்தியும் போனாள். 8.45க்கு மெழுகுதிரி கொளுத்தினேன். மாமி தன் எண்ணெய் விளக்கையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

மாமி இரவில் செய்யும் மெத்த தியானத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தனக்கு, பிறகு அன்பானவருக்கு, பிறகு அறிமுகம் மட்டும் உள்ளவருக்கு, கடைசியில் பகைவருக்கு. "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்று நான் ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். ஆனால் அந்த வசனத்தை வேகமாகத் தாண்டிவிடுவேன். அவருடைய வரிசை தாண்ட விடாது. கடைசிப் படியில் ஆட்களை நினைத்துக்கொண்டு இருக்கவேண்டும். இன்று இருந்து பார்த்தேன், முடியவில்லை. மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டேன்.

மத்தியானம் கழிந்து பாப்பரசர் பிரான்சிஸ் காலமான செய்தி வந்தது. மாமிக்கு உடனே ஞாபகம் வந்தது 2015 ஜனவரி 14. அன்றுதான் பாப்பரசர் மடு மாதா கோயிலுக்கும் போய்விட்டு, திட்டத்தில் இல்லாமலே கொழும்பு மகாபோதி விகாரைக்குள்ளும் போனார். "எங்கட பன்சலைக்கு, விகாரைக்கு வந்த மனிசன்" என்றார். இரவு புத்தருக்குப் பூப்போடும்போது பாப்பரசருக்கும் புண்ணியம் சேரச் சொல்லி வணங்கினார்.

2 மே, வெள்ளி

செபக்குழுவில் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார், பிள்ளைகளைக் குழப்புகிறேனாம், இரண்டு தோணியில் கால் வைக்கிறேனாம். வீட்டுக்கு வரும்வரை நெஞ்சு எரிந்தது.

இதை நான் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மாமியின் வழியில் மன்னிக்க ஆளில்லை, செய்த வினையைத் தானே கடக்கவேண்டும். நான் மன்னிப்பில்லாமல் ஒருநாள்கூட நிற்கமாட்டேன். ஆனால் மற்றச் சமயங்களில் உண்மையும் புனிதமுமானது எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965இலேயே வத்திக்கான் சங்கம் எழுதிவைத்திருக்கிறது. களனியில் அலோசியஸ் பீரிஸ் அடிகள் 1974இல் துலானா என்ற ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். இயேசு சபைக் குரு, பௌத்த மெய்யியலில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். அன்பும் ஞானமும் ஒன்றுக்கு ஒன்று தேவை என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர். அவர் குழம்பவில்லையே.

12 மே, திங்கள். வெசாக்

மகனும் இவரும் மூங்கில் சலாகை வளைத்து, சவ்வுத்தாள் ஒட்டி, எட்டு மூலைக் கூடு கட்டினார்கள். எங்கள் ஒழுங்கையில் கடலைத் தன்சல், வருகிறவர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கும் பந்தல். அவித்த கடலை கிண்ட என்னையும் கூப்பிட்டார்கள், போனேன்.

இரவு பத்துக்குப் பிறகு மாமியோடு அரைமணி நேரம் பாயில். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. என் செபம் எப்போதும் பேச்சுத்தான். வேண்டுதல், முறைப்பாடு, நன்றி, திரும்ப வேண்டுதல். ஆண்டவருக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் விட்டேனா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். செபமாலையில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டுப் பார்க்கிறேன். ஐம்பத்து மூன்று மணி முடிய முன்னையைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

28 மே, புதன்

என்னைப் பெற்ற அம்மா இறந்து இன்றோடு ஒரு வருடம்.

காலை ஆறு மணிப் பூசை அம்மாவுக்காக ஒப்புக்கொடுத்தது. "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே." பதினொரு மணிக்கு வீட்டில் பிக்குகளுக்குச் சாப்பாட்டுத் தானம். மாமி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், சம்பந்தியம்மாவுக்குத் தன் கையால் தானம் கொடுக்கவேண்டும் என்று. அம்மாவின் கைப்பக்குவத்தில் கத்தரிக்காய் வதக்கல் நான் செய்தேன். மீதியெல்லாம் மாமி.

ஐந்து பிக்குகள். சாப்பாடு முடிந்ததும் ஒரு தட்டு, தட்டில் ஒரு சின்னக் கோப்பை, கையில் நீர்க் கூஜா. இவரும் நானும் பிள்ளைகளும் மாமியும் எல்லோருமாகக் கூஜாவைப் பிடித்தோம். பிக்குகள் ஓத ஓத நீரை மெல்லிய நூலாக ஊற்றவேண்டும். கோப்பை நிறைந்து, விளிம்பில் ஒரு கணம் மேடாக நின்று, பிறகு வழிந்து தட்டில் பரவியது. மேட்டு நீர் பள்ளத்துக்கு ஓடுவது போல இங்கே கொடுப்பது போனவரைச் சேர்கிறது என்பது அந்தப் பாளி வரியின் பொருள். கூஜா நடுங்கியது. என் கை என்றுதான் நினைத்தேன், மாமியின் கை.

"இதங் மே ஞாதீனங் ஹோது" என்று அவர் சொல்ல, நாங்களும் சொன்னோம். இது என் உறவுகளைச் சேரட்டும்.

பிறகு தட்டு நீரைக் கொண்டுபோய் அம்மா நட்ட நித்தியமல்லி அடியில் ஊற்றினேன். மாமி வாசற்படியில் கால் நீட்டி இருந்தார்.

"நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைக்குப் போவீங்கள்தானே, துவ? இந்தப் பூவில நான் ஒரு மாலை கட்டித் தாறன்."