மருமகனின் முதல் டரன்டுலாவுக்கு ஒரு வீடு

டொரண்டோவில இருக்கிற என்ர மருமகன் முதன்முதலா டரன்டுலா எண்ட பெரிய சிலந்தி வளர்க்கப் போறான். "மாமா, உயரமான கண்ணாடித் தொட்டியா எடுக்கட்டோ?" எண்டு திருகோணமலைக்குப் போன் எடுத்துக் கேட்டான். வேண்டவே வேண்டாம் எண்டு சொன்னன்.

அவன் எடுக்கிறது தரையில வாழுற இனம். அதுக்கு நீள அகலம்தான் தேவை. மண்ணுக்கும் மூடிக்கும் நடுவில, அது காலை விரிச்சா வாற நீளத்தின்ர ஒண்டரை மடங்குக்கு மேல இடைவெளி விடக்கூடாது. கண்ணாடியில ஏறி வழுக்கி விழுந்தா வயிறு வெடிச்சுச் செத்துப்போகும். அவ்வளவு மெல்லிய தோல். அதாலதான் மண்ணை நல்லா உயர்த்திப் போடச் சொன்னன். தென்னந்தும்புத் தூள் திறம். எங்கட நாட்டிலயிருந்து போறதே அங்க கிடைக்கும், பார்த்து வாங்கட்டும்.

கம்பிவலை மூடியும் கூடாது. கால் நகம் வலைக்கண்ணில கொழுவுப்பட்டா, இழுத்து இழுத்தே காலை இழந்துபோகும். துளை போட்ட அக்ரிலிக் மூடி நல்லம். ஒளிக்க ஒரு மரப்பட்டை, குடிக்கச் சின்னத் தண்ணித் தட்டு. சூட்டு விளக்கு வேண்டாம்.

மரத்தில வாழுற இனத்துக்குத்தான் உயரமான பெட்டியும் நிமிர்த்தி வைச்ச பட்டையும். எங்கட நாட்டில இருக்கிற பொயிசிலோதீரியா எண்ட டரன்டுலாப் பேரினம் அந்தச் சாதி. மாங்குளப் பக்கமும் ஒரு இனம் இருக்கு. 2019இல அந்தப் பேரினம் முழுவதையும், காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தின்ர பட்டியலில சேர்த்திட்டினம். தம்பிமார், மரப்பொந்தில கண்டால் படம் எடுங்கோ, பிடிச்சுப் போத்தலில அடைக்காதேங்கோ. கடிச்சா கடும் நோ. அதோட, அதுகளுக்கு இருக்கிற காடும் குறைஞ்சுகொண்டுதான் போகுது.