அசகுசாவின் முள்ளங்கிப் பிள்ளையார்

பிள்ளையாருக்குக் கடன் வைக்கக்கூடாது என்பாள் அம்மா. அந்தக் கடன் ஜனவரி 7-ஆம் தேதி டோக்கியோவில் தீர்ந்தது. அசகுசாவில் இருக்கும் மாட்சுச்சியாமா ஷோடென் கோயிலில் அன்று முள்ளங்கித் திருவிழா. ஆளுக்கொரு வெள்ளை முள்ளங்கியைச் சந்நிதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

நவம்பரில் பையனை மூச்சிரைப்பென்று மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவன் படுத்திருந்த படத்தைப் பார்த்ததும் கும்பகோணத்தில் அம்மா வேண்டிக்கொண்டாள். “குழந்தை எந்த ஊரில் இருக்கிறானோ அந்த ஊர்ப் பிள்ளையாருக்கு முன்னால், மூச்சு முட்டாமல் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடவைக்கிறேன்.” சொல்லிவிட்டுத்தான் கேட்டாள், “ஆமாம், உங்கள் ஊரில் பிள்ளையார் இருக்கிறாரா?”

இருக்கிறார். காங்கிடென் என்றும் ஷோடென் என்றும் அழைக்கிறார்கள். யானைமுகம், புத்த சமயத்தோடு வந்து சேர்ந்தவர். சுமிதா ஆற்றங்கரைக் குன்றின் மேல் இருக்கும் இந்தக் கோயில் அசகுசாவின் பெரிய புத்தக் கோயிலான சென்சோஜியைச் சேர்ந்தது. 601-ஆம் ஆண்டு வறட்சியில் தவித்த மக்களைக் காக்க இவர் இங்கே தோன்றினார் என்பது தலபுராணம். கேட்டதைக் கொடுப்பார், சொன்ன வாக்கைத் தவறினால் சும்மா விடமாட்டார் என்று ஜப்பானியர்களே பயப்படுகிறார்கள். இதைச் சொன்னவுடன் அம்மாவுக்கு முழுத் திருப்தி. “நம்மவர்தான்” என்றாள்.

அசகுசாவில் இலையுதிர் காலம் தொடங்கிவிட்டால் திருவிழாவுக்குப் பஞ்சமில்லை. நவம்பரில், பழைய நாட்காட்டிப்படி சேவலுக்குரிய நாள்தோறும் டோரி நோ இச்சி என்ற சந்தை. பொற்காசும் மீனும் முகமூடியுமாக ஜோடித்த மூங்கில் வாருகோல்களை விற்பார்கள். பேரம் படிந்ததும் கடைக்காரர்கள் கூடிநின்று கைதட்டி வாழ்த்துவார்கள். அந்த வாருகோல் அதிர்ஷ்டத்தை வாரிக்கொண்டு வருமாம். டிசம்பர் 17 முதல் 19 வரை சென்சோஜியில் ஹகோயிதா என்ற அலங்கார மட்டைகளின் சந்தை. இந்த வருடம் இரண்டுக்கும் போகவில்லை. பையனுக்கு மருந்தும் ஆவியுமாகவே அந்த வாரங்கள் கழிந்தன. வருடக் கடைசியில் அம்மா வந்து இறங்கினாள்.

நிஷிகசாயிலிருந்து டோசாய் ரயிலில் நிஹோம்பாஷி, அங்கே மாறி கின்சா ரயிலில் அசகுசா. பட்டுப்புடவைக்குள் இரண்டு அடுக்குக் கம்பளி உடுப்பு, மேலே என் கணவரின் கோட்டு, காலில் விரல் பிரித்த ஜப்பானியக் காலுறை என்று அம்மா தயாராக வந்தாள். “கன்னோனை முதலில் பார்த்துவிட்டுப் பிள்ளையாரிடம் போகலாம்” என்றார் கணவர். சென்சோஜியில் இருக்கும் கருணை தெய்வம்தான் கன்னோன். பிள்ளையாரை இரண்டாவதாக வைக்கிறாரே என்று அம்மா முணுமுணுத்தாள். அதற்கான தண்டனை கையோடு கிடைத்தது. புத்தாண்டு முடிந்து ஒரு வாரம் ஆகியும் சென்சோஜியின் காமினாரிமோன் வாசலில் கால் வைக்க இடமில்லை. பெரிய சிவப்பு விளக்கின் அடியில் நின்று படம் எடுப்பவர்கள் நகரவே மாட்டேன் என்கிறார்கள். கை ரிக்‌ஷா இளைஞர்கள் சிரித்துக்கொண்டே வழி மறிக்கிறார்கள். பட்டுப்புடவை கட்டிய அம்மாவிடமே ஒருவர் வந்து கிமோனோ வாடகைக்கு வேண்டுமா என்று அட்டையை நீட்டினார்! நாகமிசே கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் அம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. அதன்பின் ஆற்றோரமாக நடந்த தூரம் அதிகமில்லை. எதிர்க்காற்றுதான் முகத்தை அறுத்தது. “அவன் மூக்கை மூடு, மூக்கை மூடு” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். குன்றேறுவதற்கென்று சின்னதாக ஒரு ரயில்பெட்டி வைத்திருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. அதை ஓடவிடுகிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கோயிலெங்கும் பின்னிக்கிடக்கும் இரட்டை முள்ளங்கியும் சுருக்குப்பையும் சின்னங்களாகச் செதுக்கியிருக்கின்றன. முள்ளங்கி உடல்நலத்துக்கும் தம்பதி ஒற்றுமைக்கும், பை செல்வத்துக்கும். கோபம் என்ற விஷத்தையும் முள்ளங்கி முறிக்குமாம். நான் கணவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். கோயிலிலேயே முள்ளங்கி விற்கிறார்கள், வாங்கிக்கொண்டோம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். ஊதுவத்திப் புகை, மேளம், கணீரென்ற ஓதல். ஆனால் சுவாமியைக் காட்டமாட்டார்கள். இரண்டு யானைமுகங்கள் தழுவி நிற்கும் திருமேனி எப்போதும் மறைவில்தான். அதிகாலையில் அர்ச்சகர்கள் மட்டும் உள்ளே இருந்து, காய்ச்சிய எண்ணெயால் அவருக்கு அபிஷேகம் செய்கிறார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தவளுக்கு ஒரு தும்பிக்கை நுனியாவது தெரியக்கூடாதா?

அம்மாவுக்கு அந்தக் குறையே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, மறைப்பை நோக்கிக் குட்டிக்கொண்டாள். “திருவலஞ்சுழி வெள்ளைப் பிள்ளையாரைத் தொடக்கூடாது, பச்சைக் கற்பூரம் தூவுவதோடு சரி. அவருக்கு இல்லாத அபிஷேகமெல்லாம் இங்கே தினமும் நடக்கிறது. பாக்கியவான்” என்றாள்.

தோப்புக்கரணத்தை வெளியே முற்றத்தில் ஓரமாக வைத்துக்கொண்டோம். பையன் காதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். தமிழில் இருபது வரை எண்ணிவிட்டு ஜப்பானிய மொழிக்குத் தாவினான். எனக்கு எண்ணிக்கையில் கவனமில்லை. குனிந்து அவன் முதுகுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். நவம்பர் இரவுகளில் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் சத்தம் வரும், அது வந்துவிடுமோ என்ற பயம். நாற்பதில் நின்றான். முகம் சிவந்திருந்தது. “போதும், மீதியை நான் போடுகிறேன் சுவாமி” என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். வரிசையில் நின்ற இரண்டு ஜப்பானியப் பாட்டிகள் அவனோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். எதற்கென்று அவர்கள் கேட்கவில்லை. நூறு தாண்டியபோது கணவர் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நூற்றெட்டு. விசில் இல்லை. இரைப்பு இல்லை. விளையாடிவிட்டு வந்த குழந்தைக்கு வாங்குகிற சாதாரண மூச்சு. அப்பனே, விக்னேஸ்வரா, இந்த மூச்சுக்கு நான் என்ன கொடுக்க முடியும், ஒரு முள்ளங்கியா?

பிரசாத வரிசை நீளம்தான், ஆனால் யாரும் முந்தவில்லை. சுவாமிக்குப் படைத்த முள்ளங்கியைத் தடிமனாக நறுக்கி வேகவைத்து, யூசு எலுமிச்சை மணக்கும் மிசோ என்ற சோயா விழுதைத் தடவித் தருகிறார்கள். இதில் மீன் சாறு ஏதும் இருக்குமோ என்று நான் விசாரிக்கப் போனேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். “பிரசாதத்தை விசாரிக்கிறாயா?” அதற்குள் வாயில் போட்டுக்கொண்டுவிட்டாள். வாழ்நாளில் முள்ளங்கி சாம்பாரையே ஒதுக்கிவைத்தவள், நெய்போலக் கரைகிறது என்று என் பங்கிலும் பாதியை வாங்கிச் சாப்பிட்டாள். கூடவே தந்த தீர்த்தம் அரிசி மது என்று தெரிந்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாப்பிள்ளையிடம் நீட்டிவிட்டாள். அவர் மறுக்கவில்லை.

திரும்பும்போது அடுத்த விசாரணை தொடங்கிவிட்டது. பிப்ரவரி 3-இல், குளிர்காலத்தை வழியனுப்பும் செட்சுபுன் திருநாள். சென்சோஜியில் அன்று பயறு எறிவார்கள், ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களின் ஆட்டமும் உண்டு. மற்ற இடங்களில் பேயை வெளியே போ என்று விரட்டுவார்கள். கன்னோன் முன்னால் பேயே கிடையாது என்பதால் அங்கே அந்த வரியைச் சொல்வதில்லை. அந்த ஏழு பேரில் பென்சைடென் நம் சரஸ்வதி என்று கணவர் சொல்லித்தொலைத்துவிட்டார். அம்மாவின் விசா மார்ச் வரை இருக்கிறது. இந்த முறை நாகமிசே பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக அழைத்துப் போக வேண்டும்.