பெட்டி போட்ட ஹைலக்ஸ்: ஒரு சவுண்ட்காரனின் நாட்குறிப்பு

மே 4

மச்சான் லண்டனில் இருந்து வந்து நிற்கிறான். பிள்ளைகளுக்குச் சொக்லேற், இவவுக்கு ஒரு கைப்பை, எனக்கு ஒரு கறுப்புப் பெட்டி. சோப்புப்பெட்டி அளவு. அதில் இருந்து வரும் வயர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு முனையில் ஆண் சொக்கற், மற்றதில் பெண் சொக்கற்.

"உன்ரை வண்டியின்ரை எஞ்சின் விபரம் குடுத்துத்தான் எடுப்பிச்சனான். கொழுவினால் முப்பது குதிரை கூடும். பிறகு பார், ஜெனரேற்றர் பின்னாலை வாறதே தெரியாது."

போன வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சவுண்ட் செற் கொண்டுபோனபோது நான் பட்ட பாட்டை ஃபோனில் சொல்லியிருந்தேன். மறக்காமல் வைத்திருந்திருக்கிறான். என்னுடையது 2010ஆம் ஆண்டு ஹைலக்ஸ், 2.5 லீற்றர் டீசல், 102 குதிரைவலு. பொனற்றில் காற்றுவாய் இல்லாத சாதி, அதாவது டர்போ தள்ளும் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலர் இல்லை. பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள், அதற்கும் பின்னால் ட்ரெயிலரில் ஜெனரேற்றர். ஏ9 வீதியில் எனக்குப் பின்னால் பஸ்கள் வரிசைகட்டி ஹோர்ன் அடிக்கும்.

வேறு வண்டி வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்த பிறகு விலை கேட்டுப்போன நான், பேசாமல் வீட்டுக்கு வந்து இருக்கிற வண்டியைக் கழுவினேன்.

மே 5

மச்சானின் பெட்டியைப் பார்த்ததும் பழைய ஒன்று நினைவுக்கு வந்து லாச்சியைக் கிளறினேன். 2022இல், டீசல் தட்டுப்பாட்டில், கியூஆர் காட்டிக் கிழமைக் கணக்கில் டீசல் அடித்த காலத்தில், டீசல் மிச்சம் பிடிக்கும் என்று ஒருவர் விற்ற சாமான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசித் துளையில் செருகிவிட்டால் அது வண்டியின் கம்பியூட்டரோடு தானே பேசிக்கொள்ளும் என்றார். பச்சை லைற்றும் நீல லைற்றும் மின்னும். அந்த மின்னலைப் பார்த்தே நானும் இரண்டு மாதம் டீசல் குறைகிறது என்று நம்பினேன்.

இன்றைக்குத்தான் திறந்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் திருத்துகிறவன் இதை மூன்று வருசம் திறக்காமல் வைத்திருந்தேன் என்பது வெட்கம்தான். உள்ளே பட்டாணிக்கடலை அளவில் ஒரு சிப், மூன்று குட்டி லைற், சில ரெசிஸ்டர். 16ஆம் ஊசி பற்றரி, 4உம் 5உம் எர்த். அவற்றுக்கு மட்டும்தான் வயர் போகிறது. வண்டியோடு பேசுவதென்றால் 6, 14 போன்ற ஊசிகளில் ஏதாவது பொருந்தியிருக்க வேண்டும். அங்கே ஈயம்கூடப் படவில்லை. மின்மினி வாங்கியிருக்கிறேன்.

மே 7

கொக்குவிலில் நான் வழமையாகப் போகும் கராச். அண்ணை மச்சானின் பெட்டியைக் கையில் வாங்கி, மணந்து பார்த்தார். ஏன் மணந்தார் என்று தெரியவில்லை, எதையும் மணந்துதான் பார்ப்பார்.

இது மின்மினி வகை இல்லை. வேலை செய்யும் சாமான், விளக்கம் கேட்டபோது எனக்கே பிடித்துவிட்டது. இப்போதைய டீசல் எஞ்சின்களில் பம்ப் டீசலை ஒரு தடித்த குழாய்க்குள் அமுக்கி வைக்கிறது. ரெயில் என்கிறார்கள். அதிலிருந்துதான் டீசலைப் பீச்சும் நாலு இன்ஜெக்டருக்கும் போகும். சும்மா ஓடும்போதே 300 பார் அளவு அமுக்கம் இருக்கும், மிதித்தால் ஆயிரத்தைத் தாண்டும். ரயருக்கு நாங்கள் அடிக்கும் காற்று இரண்டரை பார்கூட வராது என்று வைத்துப் பார்த்தால் விளங்கும். அந்த அமுக்கத்தை ஒரு சென்சர் வோல்ற்றாக்கிக் கம்பியூட்டருக்குச் சொல்கிறது. பெட்டி நடுவில் புகுந்து நின்று, சென்சர் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். கம்பியூட்டரும் அமுக்கம் போதாது என்று நினைத்துக் கூட்டும். அமுக்கம் கூடினால் அதே நேரத்துக்குள் கூடுதல் டீசல் பாயும்.

வீட்டில் தண்ணீர்த் தாங்கி வைத்திருப்பவர்களுக்கு: மிதவையில் ஒரு கல்லைக் கட்டிவிட்டால் தாங்கி நிறைந்த பிறகும் மோட்டர் ஓடும் அல்லவா, அந்த வேலைதான்.

"டீசல் கூடும், காத்து கூடாது தம்பி," என்றார் அண்ணை. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் என் டர்போ பழைய வகை. ஓர் அளவுக்கு மேல் போனால் ஸ்பிரிங் வால்வு திறந்து மிச்சப் புகையை வெளியே விட்டுவிடும். இன்டர்கூலரும் இல்லாததால் உள்ளே போகும் காற்றுச் சூடு. காற்று போதாமல் எரியும் டீசல் கரியாகத்தான் வரும்.

பூட்ட 10 நிமிசம். சென்சர் சொக்கற்றைக் கழற்றி நடுவில் இதைச் செருகி, சூட்டில் உருகாமல் ஃபயர்வோல் பக்கமாகக் கட்டியாயிற்று. பக்கத்தில் 1 முதல் 9 வரை திருகும் குட்டிக் குமிழ். மூன்றில் வைத்தார்.

மே 8

பண்ணைப் பாலம். அதிகாலை ஐந்தரை, இறால்கூடு பார்க்க வந்தவர்களைத் தவிர யாருமில்லை. பக்கத்தில் உதவிக்கு வரும் பெடியன் ஃபோனில் நேரம் எடுக்க, மூன்றாம் கியரில் 40இல் இருந்து 70க்கு.

பெட்டி இல்லாமல் வேலணைப் பக்கம் போகும்போது 13 செக்கன், திரும்பி வரும்போது 10. எனக்குத் தலை சுற்றியது. ஒரே வண்டி, ஒரே ஆட்கள், 3 செக்கன் எங்கே போனது? பிறகுதான் பெடியன் கடலைக் காட்டினான். சோளகக் காற்று. போகும்போது நேரே முகத்தில் அடிக்கிறது, வரும்போது முதுகில் தள்ளுகிறது. போகும் வழியில் பெட்டி இல்லாமல் ஒரு தடவையும், வரும் வழியில் பெட்டியோடு ஒரு தடவையும் ஓடியிருந்தால் இன்றைக்கு ஊரெல்லாம் பெட்டியின் புகழ் பாடிக்கொண்டு திரிந்திருப்பேன்.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் போய்த் திரும்புவது மூன்று தடவை, கூட்டிப் பிரித்தது: பெட்டி இல்லாமல் 11.6 செக்கன். குமிழ் மூன்றில் 10.7. ஏழில் 9.4. கூடுகிறது என்பது உண்மை. கணக்கைப் பார்க்கும் முன்பே முதுகு சீற்றில் அமர்வதில் தெரிந்தது.

மே 11

வீட்டு முற்றத்தில் நிறுத்தி, குமிழை ஒன்பதுக்குத் திருகி, ஒருதரம் முழுக்க மிதித்துப் பார்த்தேன். புகைக்குழாய்க்கு நேரே கொடியில் என் வெள்ளை வேட்டி காய்ந்தது நினைவில்லை.

இவ வேட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் விரித்துக் காட்டினா. ஒன்றும் சொல்லவில்லை. மிளகு தூவிய தோசை மாதிரி இருந்தது.

மே 13

வல்வெட்டித்துறையில் இருக்கும் சிநேகிதன் தன் புது வண்டிக்குப் பெடல் பெட்டி போட்டிருக்கிறான். "சும்மா பறக்குது" என்கிறான். ஓட்டிப் பார்த்தேன், தொட்டதும் துள்ளுகிறது. ஆனால் முழுக்க மிதித்துப் பார்த்தால் பெட்டி இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

என் தொழிலில் இது பழைய வித்தை. சில மிக்சரில் வொல்யூம் குமிழைக் கால்வாசி திருகினதும் காது கிழியும், வாங்க வந்தவர் வாயைப் பிளப்பார். மிச்ச முக்கால்வாசியில் ஒன்றும் இருக்காது. ஆம்ப்பின் வோற் ஒரு சொட்டும் கூடியிருக்காது. பெடல் பெட்டியும் பாதி மிதித்ததை முழுக்க மிதித்ததாகக் கம்பியூட்டருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். கெடுதல் இல்லை. மழைக்குச் சந்தைக்குள் மெல்ல உருட்டும்போது மட்டும் எரிச்சல் வரும்.

அவனுக்கு இதைச் சொன்னேன். இரண்டு நாளாகக் கதைக்கவில்லை.

மே 19

டீசல் கணக்கு. ஒரே பெற்றோல் செற், ஒரே பம்ப், தானாக நின்றதும் நிறுத்தம், ட்ரெயிலர் இல்லாமல். பெட்டி இல்லாமல் லீற்றருக்கு 10.7 கிலோமீற்றர். மூன்றில் 10.9. ஏழில் 9.5. மூன்றில் கூடின அந்த 0.2 சோளகத்தின் உபயமாகவும் இருக்கலாம். ஏழில் குறைந்ததற்குப் பெட்டியை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், என் காலுக்கும் அதில் பங்குண்டு.

மச்சான் விடவில்லை. லண்டனில் தன் வண்டித் திரையில் டீசல் குறைந்ததைக் கண்ணால் கண்டவனாம். அந்தத் திரைக்குக் கணக்குச் சொல்வதும் ஏமாந்த கம்பியூட்டர்தானே. அமுக்கம் குறைவு என்று அது நம்பினால் பாய்ந்த டீசலும் குறைவு என்றுதான் எழுதும். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பிளேன்ரீ கேட்டான்.

மே 24

வற்றாப்பளைக்கு முன் ஒரு ஒத்திகை. ஜெனரேற்றரைக் கொழுவிக்கொண்டு பரந்தன் வரை போய் வருவோம் என்று வெளிக்கிட்டோம். குமிழ் ஏழில். மச்சானும் வந்தான்.

கொடிகாமம் வரை ராசா மாதிரி. ஐந்தாம் கியரிலேயே இழுக்கிறது, கியர் குறைக்க வேண்டியதில்லை. ஒரு பஸ்ஸை முந்தினேன். 15 வருசத்தில் இந்த ட்ரெயிலரோடு நான் பஸ்ஸை முந்தியது அதுதான் முதல் தடவை. மச்சான் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் வேறு ஒன்றும் தெரிந்தது. ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர், சைக்கிளை ஒரு கையால் பிடித்தபடி மற்றக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

பளை தாண்டி, இயக்கச்சி தாண்டி, ஆனையிறவு வெளி. அங்கே காற்றுக்குத் தடுப்பு ஒன்றும் கிடையாது, இரண்டு பக்கமும் வெள்ளையாக வெறும் தரை. 60இல் போய்க்கொண்டிருந்தேன். வேகம் குறைய, இன்னும் கொஞ்சம் மிதித்தேன். ஆர்பிஎம் முள் 2000இல் இருந்து மெல்ல எழும்பியது. 2300. 2600. வேக முள் அசையவில்லை. காலை எடுத்தேன், முள் விழுந்தது. திரும்ப மிதித்தேன், திரும்ப எழும்பியது. எஞ்சின் ஒரு ஊருக்குப் போகிறது, வண்டி இன்னொரு ஊருக்கு.

பிறகு மணம் வந்தது. பழைய தும்புக்கயிற்றை நெருப்பில் போட்ட மாதிரி, அதற்குள் ஒரு கசப்பு. பெடியன் ஜெனரேற்றர்தான் எரிகிறது என்று நினைத்து, வண்டி நிற்கும் முன்பே குதித்துப் பின்னால் ஓடினான்.

கிளச். எஞ்சின் கூடத் தள்ளுகிறது, பாரம் பின்னால் பிடித்து இழுக்கிறது, நடுவில் நின்றவன் வழுக்கிவிட்டான். அதுவும் ஐந்தாம் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில், பாரத்தோடு. நான் கெட்டிக்காரத்தனமாகக் கியர் குறைக்காமல் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீற்றரும் அதன் தலையில்தான் விழுந்திருக்கிறது.

வெயிலில் பொனற்றைத் திறந்து வைத்து, மச்சானே பெட்டியைக் கழற்றினான். கை சுட்டது. பழையபடி சொக்கற்றைச் செருகி, 40இல், நாலாம் கியரில், யாழ்ப்பாணம். பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. முந்தியதாகச் சொன்னேனே, அதே பஸ்ஸாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மே 27

கியர் பொக்ஸை இறக்கிக் கிளச் பிளேற்றைக் கையில் தந்தார் அண்ணை. ஆணித்தலைகள் வெளியே தெரிந்தன. பிளைவீலில் நீல நிறத் திட்டுகள்.

"பெட்டியாலையோ அண்ணை?"

"பெட்டி ரெண்டு கிழமை. நீ பதினைஞ்சு வருசம்."

எப்படியும் அடுத்த வருசம் போயிருக்க வேண்டிய பிளேற்றாம். தொகையை இங்கே எழுதமாட்டேன், இவவும் வாசிக்கிறவ.

ஆம்ப்பில் அளவு மீறினால் கிளிப் லைற் சிவப்பாக எரியும், குமிழைக் குறைப்பேன். வண்டியில் அந்த லைற் இல்லை என்று நேற்று வரை நினைத்திருந்தேன். வேட்டியில் விழுந்த கரிதான் அந்த லைற். 11ஆம் திகதியே எரிந்திருக்கிறது.

ஜூன் 3

புகைப் பரிசோதனை. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அந்தத் தாள் வேண்டும். குழாயில் கருவியைச் செருகிவிட்டு முழுக்க மிதிக்கச் சொல்வார்கள். பெட்டி இல்லாமல் போனேன், தாள் கிடைத்தது. ஒன்பதில் வைத்துப் போயிருந்தால் அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களின் வேட்டிகளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஜூன் 8

வற்றாப்பளை போகிறோம். புதுப் பிளேற், பெட்டி இல்லை. மச்சான் லண்டன் திரும்பிவிட்டான். போகும்போது "இரண்டிலாவது வைச்சு ஓட்டு" என்றான். யோசித்தேன். இரண்டில் வைத்தால் தினமும் மூன்று என்று கை தினவெடுக்கும், என்னை எனக்குத் தெரியும்.

வேறு ஒரு வேலை செய்தேன். ஸ்பீக்கர் பெட்டிகளில் நாலைக் குறைத்து, பெடியனின் மாமாவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் முதல் நாளே ஏற்றிவிட்டோம். ட்ரெயிலர் ரயர்களுக்குக் காற்று பாதிதான் இருந்தது, அடித்தேன். பரந்தனில் இடப்பக்கம் திரும்பி முல்லைத்தீவு வீதியில் இறங்கியதும், நாலாம் கியரில், 50இல், ஒரு சத்தமுமில்லாமல் போனது. பொங்கலுக்கு நடந்து போகிறவர்கள் வழி நெடுக. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பின்னால் ஆறு பஸ்.

ஜூன் 16

பெட்டியை விற்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, சுன்னாகத்தில் இருந்து ஒரு தம்பி வந்தான். அவனிடமும் அதே எஞ்சின். மரக்கறி ஏற்றித் தம்புள்ளை ஓடுகிறவன், ஒரு பக்கமே ஏறக்குறைய 250 கிலோமீற்றர்.

"போட்டால் இழுக்குமோ அண்ணை?"

"வடிவா இழுக்கும். கிளச் பிளேற் எப்ப மாத்தினது?"

கொஞ்ச நேரம் யோசித்தான். வண்டியை வாங்கும்போது மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறானாம். கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனான், இன்னும் வரவில்லை. பெட்டி லாச்சியில் மின்மினிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.