சாகாமல் நின்றுபோன புற்றுசெல்களோடு கொஞ்ச காலம்

ஏ549 என்ற நுரையீரல் புற்றுசெல்லை மருந்து கொடுத்து மூப்படையச் செய்ய வேண்டும், அது மூப்படைந்ததை நிரூபிக்க வேண்டும், பிறகு ஒழித்துக் காட்ட வேண்டும். ஆய்வில் சேர்ந்ததும் எனக்கு வந்த வேலை இது. முதலும் கடைசியும் எப்படியோ ஓடிவிட்டன. நடுவில் இருக்கும் அந்த நிரூபிக்கிற வேலைதான் ஆளை உலுக்கி எடுத்தது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

மூப்படைந்த செல் உயிரோடுதான் இருக்கும். உணவெடுக்கும், எதையெதையோ சுரக்கும், ஆனால் பிரிந்து பெருகாது. சாதாரண மனித செல்கள் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்துவிட்டு இப்படி நின்றுவிடும் என்பது ஹேஃப்ளிக், மூர்ஹெட் இருவரும் 1961-இல் வெளியிட்ட வேலையிலிருந்து வந்த விஷயம். புற்றுசெல் அந்த எல்லையைத் தாண்டி வந்தது. ஆனாலும் டிஎன்ஏவில் பலமாக அடி விழுந்தால் அதுவும் நிற்கும். கீமோவும் கதிர்வீச்சும் சில செல்களைக் கொல்கின்றன, சிலவற்றை இப்படி நிறுத்தி வைக்கின்றன.

மருந்து டாக்ஸோரூபிசின், டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் ஒரு கீமோ மருந்து. அளவு கூடினால் செல்கள் செத்து மிதக்கும். குறைந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் பெருகிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். அடுத்தவர் கட்டுரையில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் செல்லிலேயே ஐந்தாறு அளவுகளை ஓட்டிப் பாருங்கள். மருந்தைக் கழுவிய பிறகு செல்களைச் சில நாள் சும்மா விட வேண்டும். பரபரப்பில் மறுநாளே ஸ்டெயின் செய்தால் (சாயம் ஏற்றினால்) ஒன்றும் தெரியாது. காத்திருந்தால் மைக்ரோஸ்கோப்பிலேயே மாற்றம் தெரியும். ஒவ்வொரு செல்லும் தட்டையாகப் பரந்து, பழைய அளவைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

அடுத்தது நீல ஸ்டெயின். டிம்ரி, கேம்பிசி குழு 1995-இல் கொடுத்த முறை இது. செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமில் இருக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி பிஹெச் 4 பக்கத்தில்தான் நன்றாக வேலை செய்யும். மூத்த செல்லில் அந்த நொதி அவ்வளவு குவிந்திருப்பதால் பிஹெச் 6-இலும் எக்ஸ்-கால் என்ற பொருளை வெட்டி நீலமாக்கிவிடும். ஆக, எல்லாமே அந்த 6-ஐ நம்பி இருக்கிறது. பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலான பஃபரை அன்றன்றைக்கே மீட்டரில் பாருங்கள். பிளேட்டைக் கார்பன் டை ஆக்சைடு போகும் இன்குபேட்டரில் வைக்கவே கூடாது. வைத்தால் பஃபர் அமிலப் பக்கம் சரியும், இளம் செல்லும் நீலமாகும். 37 டிகிரியில், வெறும் காற்று இருக்கும் இன்குபேட்டரில், ஓரங்களைப் பாராஃபில்மால் சுற்றி இரவு முழுக்க விட வேண்டும். சுற்றாமல் விட்டால் கரைசல் வற்றி ஊசி ஊசியாகப் படிகம் படிந்துவிடும். ஸ்டெயினுக்கு முன் ரசாயனத்தால் செல்களை அப்படியே நிலைநிறுத்தும் ஃபிக்ஸ் வேலையையும் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள். நீண்டால் நொதியே போய்விடும்.

காலையில் நீலம் வந்திருந்தது. குஷியில் சீனியர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. சரி, இது மூப்புதான்னு எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நியாயமான கேள்விதான். செல்கள் தட்டில் நெருக்கியடித்து வளர்ந்தாலே நீலம் வரும், சீரம் இல்லாமல் பட்டினி போட்டாலும் வரும். அதனால் மருந்து படாத செல்களையும் அதே நெருக்கத்தில் பக்கத்திலேயே ஓட்ட வேண்டியிருந்தது. புதிய டிஎன்ஏவில் சேர்ந்துகொள்ளும் ஈடியூ என்ற பொருளைக் கொடுத்து, டிஎன்ஏ புதிதாக உருவாகவில்லை என்று காட்டினேன். புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், செல் கருவின் உறையில் இருக்கும் புரதமான லேமின் பி1 குறைந்திருந்தது, செல் பிரிவதைத் தடுக்கும் புரதமான பி21 ஏறியிருந்தது. எல்லா ரிவ்யூ கட்டுரையிலும் மூப்பின் அடையாளமாக வரும் பி16 என்ற புரதத்தை ஏ549-இல் தேடிப் பயனில்லை. அதற்கான மரபணுவே இந்தச் செல்லில் கிடையாது. டிஎன்ஏ அடிபட்டால் பி21-ஐ ஏற்றிவிடும் பி53 புரதம் நல்ல நிலையில் இருப்பதால் பி21 வழியாகத்தான் நிற்கிறது. இந்தப் புரதங்களைக் கண்டுபிடிக்க உதவும் ஆன்டிபாடிக்கு ஆர்டர் போடும் முன்பே உங்கள் செல்லின் ஜாதகத்தைப் பார்த்துவிடுங்கள்.

நின்றுவிட்டதே, அதோடு விட்டால் என்ன என்று வெளியாட்கள் கேட்பார்கள். இந்தச் செல்கள் ஐஎல்-6, ஐஎல்-8 மாதிரி அழற்சிப் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கும். அது நோயெதிர்ப்புச் செல்களை வரவழைத்தால் நல்லது. நாள்கணக்கில் நீடித்தால் பக்கத்தில் இருக்கும் புற்றுக்கே தீனியாகிவிடும். டெமாரியா குழு 2017-இல் எலிகளில் காட்டியதும் அதுதான்: கீமோவால் மூப்படைந்த செல்களை அகற்றியபோது பக்கவிளைவுகளும் புற்று திரும்புவதும் குறைந்தன. முதலில் ஒரு மருந்தால் நிறுத்து, அடுத்ததால் கொல் என்ற இரண்டடி உத்திக்கு இப்போது இவ்வளவு மவுசு இருப்பது இதனால்தான்.

என் இரண்டாவது அடி நேவிடோக்ளாக்ஸ் என்ற மருந்து. பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் மூத்த செல்கள் பிழைக்கின்றன, அதை இந்த மருந்து அடைத்தால் விழுந்துவிடுகின்றன. மூப்படையாத ஏ549 அதே அளவு மருந்தில் பெரிதாக அசையவில்லை. பிளேட்டில் பார்க்க அழகாக இருந்தாலும் நோயாளியிடம் விஷயம் வேறு. ரத்தத் தட்டணுக்களும் அதே புரதத்தை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன, எனவே அவற்றின் எண்ணிக்கை சரிந்துவிடும்.

நேவிடோக்ளாக்ஸ் கொடுக்காத பிளேட்டை உடனே தூக்கி எறியாதீர்கள். என்னுடையதில் வாரங்கள் கழித்து, தட்டையான செல்களுக்கு நடுவே சின்னச் சின்னக் காலனிகள் முளைத்தன. அவை மூப்பிலிருந்து மீண்டவையா, முதலிலேயே மருந்துக்குத் தப்பியவையா என்பதை இந்த ஸ்டெயினால் பிரித்துச் சொல்ல முடியாது, ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர வேண்டும். மீள்வது நடக்கக்கூடியதுதான். 2018-இல் மிலனோவிச் குழு, மூப்பிலிருந்து வெளியே வந்த லிம்போமா (நிணநீர்ப் புற்று) செல்கள் முன்பைவிட மூர்க்கமாக இருப்பதைக் காட்டியிருக்கிறது.

இப்போது நோயாளிகளின் திசுக்களுக்குப் போகிறோம். ஃபார்மலினில் ஊறி மெழுகில் ஏறிய திசுவில் நொதி மிஞ்சாது, அதனால் நீல ஸ்டெயின் அங்கே செல்லாது. மூத்த செல்லில் சேரும் லிப்போஃபுசின் என்ற கழிவைப் பிடிக்கும் சூடான் பிளாக் பி என்ற சாயத்தை வைத்துத் தொடங்கியிருக்கிறேன்.