மீதமிருக்கும் ஐந்து கருக்கள்

பதினோரு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், சோதனைக்குழாய் முறையில் என் சித்தப்பா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, சபையே மகிழ்ந்தது. ஸ்தோத்திரக் காணிக்கை படைத்த ஞாயிறன்று ஆயர், வேதாகமத்தில் பிள்ளைக்காக மன்றாடிய அன்னாளின் ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். சில மாதங்கள் கழித்து அவள் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள். சிகிச்சைக்காக உருவாக்கி, கருப்பைக்குள் வைக்காமல் உறைநிலையில் மீதமிருக்கும் ஐந்து கருக்களை வைத்திருக்க அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். இல்லையேல் அவற்றை என்ன செய்வதென்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். "அண்ணா, இதுல நான் எதுக்கு டிக் போடுறது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள், பெயர் எழுதிய மெல்லிய குழல்களில் அவை இருக்கின்றன. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் பத்து ஆண்டுகள் வைத்திருக்கலாம். பிறகு அழியவிட வேண்டும், அல்லது ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை 1987இலேயே சோதனைக்குழாய் முறையை ஏற்க மறுத்துவிட்டது. ஆயினும், ஏற்கெனவே உறைந்துகிடக்கும் கருக்களின் நிலை தீர்க்க முடியாத ஓர் அநீதி என்று 2008இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணமே ஒப்புக்கொள்கிறது. எங்களைப் போன்ற புராட்டஸ்டண்டு சபைகளுக்கோ இதில் ஒரே குரல் கிடையாது. "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்ற 139ஆம் சங்கீதத்தை வாசிக்கிறோம். அது கவிதை, உயிர் எந்த நாளில் தொடங்குகிறது என்பதற்கான அறிவியல் விடையை அதில் தேடக் கூடாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அதை ஜெபமாகச் சொல்லும் வாயாலேயே 'மீதம்' என்ற சொல்லையும் சொல்ல எனக்குக் கூசுகிறது.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா உச்ச நீதிமன்றம் உறைந்த கருவும் குழந்தையே என்று தீர்ப்பளித்தது. சேமிப்பு அறைக்குள் நுழைந்த ஒரு நோயாளி கருக்களைக் கையிலெடுக்க, கடுங்குளிர் கையைச் சுட, அவற்றைக் கீழே போட்டுவிட்டதில் எழுந்த வழக்கு அது. பயந்துபோன சில மருத்துவமனைகள் சிகிச்சையையே நிறுத்தின. மூன்று வாரத்துக்குள் மருத்துவமனைகளைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. எத்தனை கருக்களை உருவாக்கலாம் என்ற கேள்வியை அத்தீர்ப்பும் தொடவில்லை, அச்சட்டமும் தொடவில்லை.

என் மனம் அந்த எண்ணிக்கையில்தான் நிற்கிறது. ஒரு சுழற்சியில் கருப்பைக்குள் வைக்க நினைப்பதற்கு மேல் கருமுட்டைகளைக் கருவுறச் செய்யலாகாது என்று ஜெர்மனி 1990இலேயே சட்டம் இயற்றியது. அப்படிச் செய்தால் வெற்றி வாய்ப்பு குறையும், ஊசியும் செலவும் கூடும் என்று மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த ஊசிகளின் வலி எனக்குரியதன்று என்பதும் தெரியும். இருந்தாலும் சிகிச்சைக்குப் போகுமுன் இதைப் பேச ஆயரோ மூப்பரோ ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கியிருந்தால், அவள் வேறு எண்ணைச் சொல்லியிருக்கக்கூடும். நானும்தான் கேட்கவில்லை.

அவள் இன்னும் ஓராண்டுக்குப் பணம் கட்டியிருக்கிறாள்.